பச்சைக் கோட்டுக்காரி சொன்னது

ஜனவரி 29, வியாழன்

இடது பூட்ஸில் தண்ணீர் இறங்குகிறது. இந்தக் குளிர்காலத்தை எப்படியாவது ஓட்டிவிட்டால் அக்டோபரில் புதிதாக வாங்கலாம்.

இன்று கேலரியில் என் முறை. மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் வழி கேட்க. ஒருவர் கழிவறை கேட்க. மூன்றாவதாக ஒரு பெண், ருமியானா வரைந்த கோழியை வாங்க. அந்தக் கோழியை நானே சுவரிலிருந்து இறக்கி, காகிதம் சுற்றி, கயிறு கட்டி, 'நல்ல தேர்வு' என்று சிரித்துக் கொடுத்தேன். எட்டு வருஷமாக எங்கள் ஒழுங்கு இது. நாங்கள் பதினொரு பேர், முறைபோட்டு உட்காருகிறோம், உட்காருகிறவர் எல்லாருடைய படத்தையும் விற்க வேண்டும். தன் படம் எது என்று மட்டும் வாய் திறக்கக் கூடாது.

இன்னொரு விதி: எந்தப் படமும் ஒரு நல்ல ஜோடி பூட்ஸின் விலையைத் தாண்டக் கூடாது. "நம்ம ரூசே ஊர்க்காரன் வாங்க முடியாத படத்த ரூசேல எதுக்கு மாட்டணும்?" என்று எங்களில் ஒருவரான ஒக்னியான் ஆரம்பத்தில் கேட்டபோது முதலில் கைதட்டியவள் நான். அந்த விலையில் கோழிதான் விற்கும் என்று அன்று நினைத்துப் பார்க்கவில்லை.

பிப்ரவரி 2, திங்கள்

முதல் திங்கள், ஏடு வாசிக்கும் நாள்.

படம் பார்க்க வருகிறவர்கள் சொல்வதை, முறைக்கு உட்கார்ந்தவர் ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் ஏட்டில் எழுதி வைக்க வேண்டும். யாரும் ஓவியர் முகத்துக்கு நேராக உண்மை சொல்வதில்லை, அதனால் இந்த ஏற்பாடு. மாதம் ஒருமுறை ஒக்னியான் அதை உரக்க வாசிப்பார். யார் படத்தைப் பற்றியதோ அவர் பதில் பேசக் கூடாது. 'அப்படியில்லை' என்று ஒரு முனகல்கூடக் கூடாது. மற்றவர்கள் ரக்கியா சாராயத்தை உறிஞ்சிக்கொண்டு நம் முகத்தைப் பார்ப்பார்கள்.

என் அச்சுப்படங்களைப் பற்றி இந்த மாதம் ஒரே ஒரு வரி. ருமியானாவின் முறைநாளில், அவள் கையெழுத்தில். ஒக்னியான் வாசித்தார்: "வயசான ஒருத்தர்: 'அடேயப்பா, இது எங்க வீட்டு நிலவறைச் சுவர்ல பூத்த பூஞ்சை மாதிரியே இருக்கு.'"

சிரித்தார்கள். எல்லாரும். 

எந்த மனிதன் கடைக்கு வந்து அப்படிச் சொல்வான்? அவள் சமைத்தது. கை, மசாலா எல்லாம் அவளுடையது. நான்கு வருஷத்துக்கு முன் சம்மதத்துக்கு வெள்ளை, மறுப்புக்குக் கறுப்பு என்று அவரை விதை போட்டு அவளைச் சேர்க்கலாமா என்று பார்த்தபோது, ஜாடியில் விழுந்த கறுப்பு அவரைகளில் ஒன்று என்னுடையது. அவளுக்கு அது தெரியும். யாரும் சொல்லாமலே தெரியும்.

முடிவில் ஒக்னியான் தொண்டையைச் செருமினார். "அல்பெனா, போன ஜூன்ல இருந்து உன்னோடது ஒண்ணுகூடப் போகல. வருஷத்துக்கு ஒண்ணாவது போகலன்னா ஜாடியில அவரை விதை போட்டுப் பாக்கணும், தெரியும்ல? நான் போட்ட விதி இல்ல, நாம போட்டது."

"மே கடைசி வரைக்கும் இருக்கே," என்றேன்.

"இருக்கு, இருக்கு," என்றாள் ருமியானா. "நம்ம ஓவிய அகாடமிக்காரிக்கு என்ன கொறச்சல்."

பிப்ரவரி 5

இந்த இடம் போனால் எனக்கு என்ன மிஞ்சும்? முறைநாள் தவிர, காலை எட்டு முதல் ஐந்து வரை நில அளவை அலுவலகத்தில் அடுத்தவன் வேலியைக் கோடு போட்டுக் காட்டுகிறேன். வீட்டில் அச்சுப்படத்துக்கான துத்தநாகத் தகடும், அதை அரிக்கும் அமிலமும். ஒரு சுவரில், முன்பின் தெரியாத ஒருவர் கண்ணில் படும்படி என் படம் தொங்குவது உலகத்திலேயே அந்த ஓர் இடத்தில்தான். அதை ஒரு கோழிக்காரி தீர்மானிப்பாளா?

அவள் ஓவியரே இல்லை. முப்பது வருஷம் பிரசவ வார்டில் நர்ஸ். இந்த ஊரில் பாதிப் பேர் அவள் கையில் விழுந்தவர்கள். வந்து, 'ருமி அக்கா!' என்று கட்டிக்கொண்டு, ஆளுக்கொரு கோழி வாங்கிப் போகிறார்கள். செக்கச்செவேலென்று மிளகாய்ச் சரம், நீலக் கதவு, நடுவில் கொழுத்த கோழி.

பிப்ரவரி 12

என் முறை. பனி. யாரும் வரவில்லை. ஐந்தரைக்கு ஏட்டைத் திறந்து எழுதினேன்:

"பச்சைக் கோட்டு போட்ட ஒரு பெண், கோழிப் படத்தின் முன்: 'அழகா இருக்கு. ஆனா இந்தக் கோழிக்கு ஒரு நாளும் பசிச்சதே கிடையாது.'"

ஒரே மூச்சில் எழுதினேன். அதையும் இங்கே குறித்து வைக்கிறேன்.

மார்ச் 1, ஞாயிறு

எல்லார் மணிக்கட்டிலும் வசந்தத்தை வரவேற்கும் சிவப்பு வெள்ளை நூல். பூத்த மரத்தைக் காணும்வரை கழற்றக் கூடாது. ருமியானா கேலரிக்கு ஒரு கட்டு நூல் கொண்டுவந்து பதினொரு பேருக்கும் கட்டினாள். என் கையையும் பிடித்து இழுத்தாள். "ஓடாத, ஊசி போடல." தொப்புள்கொடிக்குப் போடுகிற முடிச்சாம், அவிழாதாம். பெருமை வேறு.

அவிழவில்லை. வீட்டுக்கு வந்து கத்தரியால் வெட்டினேன்.

மார்ச் 2, திங்கள்

வாசித்தார்கள்.

'பசிச்சதே கிடையாது' என்ற இடத்தில் அவள் கழுத்திலிருந்து சிவப்பு ஏறியது. வாய் திறந்தது, விதி ஞாபகம் வந்து மூடியது. நான் என் குவளையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இனித்தது. ஆமாம், இனித்தது. என் நோட்டில் நான் எதற்குப் பொய் எழுத வேண்டும்?

பிறகு குவளைகளைக் கழுவும்போது பக்கத்தில் வந்து நின்றாள்.

"யாரு அந்தப் பொம்பள? நம்ம ஊரா?"

"தெரியல அக்கா. புது முகம்."

"பசிச்சதே கிடையாதாமே," என்றாள். அப்புறம் என் மணிக்கட்டைப் பார்த்தாள். "எங்க பூத்துச்சு மரம்? வெளியில மூணு அடி பனி கெடக்கு."

மார்ச் 19

புதுக் கோழி கொண்டுவந்து மாட்டியிருக்கிறாள். ஒல்லி. கழுத்தில் இறகு கொட்டியிருக்கிறது. மிளகாய்ச் சரத்தை எடுத்துவிட்டாள். ஒரு பொய்க்காகவா இத்தனை?

ஏட்டில் எழுதினேன்: "பச்சைக் கோட்டுக்காரி மறுபடி வந்தாள். 'இப்ப பசிக்குது, சரி. ஆனா நாலு பக்கமும் வெளிச்சம். நிழலே விழாத கோழி பேய்க்கோழிதான்.'"

எழுதிய பிறகு தோன்றியது: இது உண்மை. அந்தப் படத்தில் அதுதான் கோளாறு.

ஏப்ரல் 6, திங்கள்

அவள் இம்முறை சிவக்கவில்லை. கைப்பையிலிருந்து மருந்துக்கடைச் சீட்டு ஒன்றை எடுத்து, பின்பக்கம் குறித்துக்கொண்டாள். நிழல், ஒரு பக்கம், என்று முணுமுணுத்தபடி.

ஒக்னியான் கண்ணடித்தார். "ரசிகை கெடச்சுட்டா ருமி!"

"ரசிகையா? எமன்," என்றாள். ஆனால் சீட்டை மடித்துப் பத்திரமாக வைத்தாள்.

ஏப்ரல் 9

என் முறை. முடிதிருத்தும் கடைக்காரி ட்சோன்கா வந்தாள், மகளின் புது வீட்டுக்குக் கோழி வாங்க. சுவர் முழுக்கப் பார்த்துவிட்டு, "ருமி அக்கா கோழிக்கு என்ன சீக்கா? பாத்தா சூப்பு வைக்கக்கூட மனசு வராது" என்று வெறுங்கையோடு போனாள். இதை அப்படியே ஏட்டில் எழுதினேன். உண்மை எழுத எவ்வளவு சுகமாக இருக்கிறது.

ஐந்து வாரமாக ருமியானாவின் படம் ஒன்றும் போகவில்லை.

எனக்கும் போகவில்லை. அதனால் என்ன? இரண்டு பேரும் ஒரே சேற்றில்.

ஏப்ரல் 16

பிப்ரவரிக்குப் பிறகு தகட்டைத் தொடவில்லை. அமிலத் தட்டில் தூசி.

இன்று பேருந்தில், அந்தக் கோழிக்குப் பின்னால் கதவை எங்கே வைப்பது என்று யோசித்துக்கொண்டு என் நிறுத்தத்தைத் தாண்டி மூன்று நிறுத்தம் போய்விட்டேன். அவள் கோழிக்கு. நான் கதவு தேடுகிறேன்! திரும்பி நடந்து வந்தேன், ஓட்டை பூட்ஸோடு, மழையில்.

ஏப்ரல் 23

மூன்றாவது முறையாக எழுதினேன். "பச்சைக் கோட்டுக்காரி: 'முற்றத்த விட்டு வெளிய வரச் சொல்லுங்க. கோழி எங்க போய் ஒளியும்? அங்க போய் வரையச் சொல்லுங்க.'"

இனி எழுத மாட்டேன். போதும்.

மே 7

இந்த முறை வாசிப்பு முடிந்து மூன்றே நாளில் ருமியானா புதுக் கோழியைக் கொண்டுவந்துவிட்டாள்.

நிலவறைக்குள் இறங்கும் வாசல். பாதி திறந்த கதவு. படிக்கட்டின் இரண்டாவது படியில் கோழி, உடம்பெல்லாம் இருட்டில். இடப்பக்கத்திலிருந்து ஒரு கோடு வெளிச்சம். அதில் ஒரு கண், ஒரு கால். கால் தூக்கியபடி நிற்கிறது. உள்ளே போகிறதா வெளியே வருகிறதா, தெரியவில்லை.

கால் மணிநேரம் அதன் முன்னால் நின்றேன். முதுகுக்குப் பின்னால் இன்றைய முறைக்காரர் இருமினார்.

இருபது வருஷமாக நான் அமிலத்தில் தகட்டை முக்கி முக்கித் தேடுகிற இருட்டு அது. ஒரு நர்ஸ், மலிவு அக்ரிலிக் சாயத்தில், மூன்று நாளில். என் பொய்யைக் கேட்டு! வயிறு எரிகிறது. யார்மேல் என்று தெரியாத கோபத்தை என்ன செய்வது? பாவி, உனக்கு வேற வேலையே இல்லையா, ஏன் எழுதின, ஏன்டி எழுதின?

மே 14

எனக்கு விடுப்பு நாள். என் முறை. இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

மூன்று மணிக்கு ஒரு பெரியவர் வந்தார். துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டி ஓய்வு பெற்றவராம். கதவில் பாதி அடைக்கும் உருவம். நேராக என் சுவருக்குப் போனார். என் மூன்றாவது படம், உப்புப் பூத்த சுவர். அதன் முன்னால் நின்று, கையைத் தட்டினார்.

"இருக்கு! இன்னும் இருக்கு! எங்க நிலவறைச் சுவர். அதே பூஞ்சை!"

நாற்காலியிலிருந்து எழுந்தேன். "என்ன சொன்னீங்க?"

"பூஞ்சைம்மா, பூஞ்சை. எங்க பழைய வீட்டு நிலவறையில அப்படியே இப்படித்தான். வீட்ட வித்துட்டு ஆறாவது மாடிக்குப் போயாச்சு. வெயிலு இருக்கு, காத்து இருக்கு. பொண்டாட்டிகிட்ட இருந்து ஒளிய எடம் இல்ல." சிரித்தார். "முப்பது வருஷம் அந்தச் சுவரப் பாத்துக்கிட்டுத்தான் குடிச்சேன். என்னோட எல்லா யோசனையும் அதுலதான் ஒட்டியிருக்கு."

"முன்னாடியே வந்திருக்கீங்களா?"

"ஜனவரில. அப்ப ஒரு நர்சம்மா இருந்தாங்க. எம் பேத்திக்குப் பிரசவம் பாத்தவங்க. நான் அவங்க கோழியத்தான் வாங்க வந்தேன், மரியாதைக்கு. அவங்கதான், 'கோழி எங்கயும் ஓடாது, நீங்க இது முன்னாடி இருபது நிமிஷமா நிக்கிறீங்க, இத வாங்குங்க'ன்னாங்க. கதவுப் பக்கமா மாட்டணும், வெளிச்சம் பக்கவாட்டுல விழணும்னுகூடச் சொன்னாங்க. நாலு மாசம் ஆச்சு என் வீட்டுக்காரிய வழிக்குக் கொண்டுவர. 'ஓசியில வந்த பூஞ்சைய ப்ளீச் போட்டுத் தேச்சேன், இப்ப காசு குடுத்து வாங்கிட்டு வர்றியா'ன்னு கேக்குறா."

இறக்கினேன். காகிதம் சுற்றினேன். என் படம் என்று சொல்ல முடியாது, விதி. "நல்ல தேர்வு" என்றேன். 

"இத வரைஞ்சவர் குடிகாரரா?" என்று கேட்டார்.

"இல்ல," என்றேன். "வேற கெட்ட பழக்கம்."

மே 15

ருமியானா ஒரு சொல்லும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

மே 16

அவரை விதை ஜாடிக்கு இனி வேலையில்லை. ஒரு படம் போய்விட்டது, என் இடம் பத்திரம். பச்சைக் கோட்டுக்காரி மறுபடி வராமலிருந்தால் யாருக்கும் எதுவும் தெரியப் போவதில்லை. பத்திரமாக இருப்பது இப்படியா இருக்கும்? செத்த எலி சுவருக்குள் இருப்பதுபோல.

மே 21

கேலரிச் சாவி வாங்க ருமியானாவின் குடியிருப்புக்குப் போனேன். கூடத்தில் சுவரோரம் பலகைகள் அடுக்கியிருந்தன. எல்லாம் வெள்ளை.

"பதினாலு கோழி," என்றாள். "எல்லாத்துக்கும் வெள்ளையடிச்சுட்டேன். சாயம் வீணாச்சு, பலகையாவது மிஞ்சட்டும்."

"எதுக்கு அக்கா? வித்திருக்குமே."

"வித்திருக்கும். அதான்." சாவியைத் தேடிக்கொண்டே பேசினாள். "நாலு வருஷமா என் படத்த ஒருத்தரும் பாக்கல, தெரியுமா? என்னைப் பாத்தாங்க. பிள்ள பெத்துக் குடுத்த நன்றிக்கு வாங்கினாங்க. அந்தப் பச்சைக் கோட்டுக்காரி ஒருத்திதான் படத்தப் பாத்தா. கரிச்சுக் கொட்டினாலும் பாத்தா. மறுபடி வந்தா எனக்கு போன் பண்ணு. எந்நேரமானாலும் வர்றேன். அவளுக்கு ஒரு காபியாவது வாங்கித் தரணும்."

சாவியை என் கையில் வைத்தாள். "என்ன, மூஞ்சி வெளுத்துப் போச்சு? ஒழுங்கா சாப்பிடு, அகாடமிக்காரி."

மே 28

இந்த மாதத்தில் என் கடைசி முறைநாள். ஆறு பேர் வந்தார்கள், அவர்கள் சொன்னதை எழுதினேன். அதற்குக் கீழே:

"அல்பெனா, ருமியானாவின் படங்களைப் பற்றி: பச்சைக் கோட்டுக்காரி என்று யாரும் இல்லை. மூன்று முறையும் சொன்னது நான். நிலவறைக் கோழி இந்த அறையில் இருப்பவற்றிலேயே சிறந்த படம். இதையும் நான்தான் சொல்கிறேன்."

ஏட்டிலிருந்து தாளைக் கிழிக்கக் கூடாது என்றும் ஒரு விதி உண்டு. நல்லவேளை. இல்லாவிட்டால் கிழித்திருப்பேன்.

ஜூன் 1, திங்கள்

ஒக்னியான் எப்போதும்போல ராகம் இழுத்து வாசித்துக்கொண்டே போனார். 'யாரும் இல்லை' வரை ராகம் இருந்தது.

ஒருவரும் குவளையைத் தொடவில்லை. ருமியானா மேஜை விரிப்பின் ஓரத்தை மடித்தாள், பிரித்தாள், மடித்தாள். அவள் படத்தைப் பற்றிய வரி அது. பதில் பேச அவளுக்கு உரிமையில்லை. அந்த விதியை இயற்றியவர்களில் நானும் ஒருத்தி. எட்டு வருஷத்தில் அது யாரையும் இப்படி வாயடைத்து உட்காரவைத்ததில்லை.

"ஏட்டுல பொய் எழுதினா என்ன பண்ணணும்னு விதி இல்ல," என்றார் ஒக்னியான். "ஏன்னா எழுதுவாங்கன்னு யாரும் நினைக்கல." என்னைப் பார்க்காமல் ஜாடியை எடுத்து வைத்தார்.

பத்துப் பேர். ஏழு கறுப்பு, மூன்று வெள்ளை.

வாசலில் பையை மாட்டிக்கொண்டிருந்தபோது ருமியானா வந்தாள். வாசிப்பு முடிந்துவிட்டது, இப்போது பேசலாம்.

"நான் என்ன போட்டேன்னு கேக்காத," என்றாள். "பச்சைக் கோட்டுக்காரி பொய்யின்னு தெரிஞ்சதும் எனக்கு முதல்ல என்ன தோணுச்சு தெரியுமா? ஒரு ஆள் செத்துப்போன மாதிரி இருந்துச்சு. நீ எனக்கு என்ன வேணாலும் பண்ணியிருக்கலாம். அவளக் கொன்னிருக்க வேணாம்."

ஜூன் 3

கேலரிச் சுவரிலிருந்து இறக்கிய என் எட்டு படம். கட்டிலுக்கு அடியில்.

ஜூலை 19

ட்சோன்காவிடம் முடி வெட்டிக்கொண்டேன். கேட்காமலே சொன்னாள்: ருமி அக்கா மறுபடி நல்ல கோழி போட ஆரம்பித்துவிட்டாளாம். மிளகாய்ச் சரம், நீலக் கதவு எல்லாம் திரும்ப வந்துவிட்டதாம். "மகளுக்கு ஒண்ணு வாங்கிட்டேன். என்னா செவப்பு!"

கண்ணாடியில் என் முகம் எனக்கே பிடிக்கவில்லை.

ஆகஸ்ட் 30

தகட்டை எடுத்துத் துடைத்தேன். எதிர்த்த கட்டிடத்தின் மழைக்குழாயை வரைய ஆரம்பித்தேன். யார் பார்க்கப் போகிறார்கள்? தெரியவில்லை. வரைந்தேன்.

அக்டோபர் 15, வியாழன்

பூட்ஸ் வாங்கக் கிளம்பினேன். மழை. பணம் கோட்டின் உள்பையில். செருப்புக் கடைக்கு இடது பக்கம் திரும்ப வேண்டும். நான் வலது பக்கம் திரும்பினேன்.

கேலரியில் ருமியானா உட்கார்ந்திருந்தாள். அவள் முறை என்று தெரிந்துதான் போனேனா? என் வியாழன் முறை அவளுடையதாக மாறியிருக்கும் என்று ஊகித்திருந்தேன். ஆம், தெரிந்துதான்.

"வாங்க," என்றாள். வாடிக்கையாளரிடம் பேசுவதுபோல, சிரிப்பில்லாமல். "பாருங்க. எதுவும் கேக்கணும்னா கேளுங்க."

நாலு வருஷமாக என்னை 'நீ' என்றவள். அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

சுவர் முழுக்கச் சிவப்புக் கோழிகள். ஒரு மூலையில், கழிவறைக் கதவுக்குப் பக்கத்தில், நிலவறைக் கோழி. ஐந்து மாதமாக யாரும் தொடவில்லை. விலை, விதிப்படி, ஒரு ஜோடி பூட்ஸ்.

"இது," என்றேன்.

அவள் எழுந்திருக்கவில்லை. "இத உங்களுக்குக் குடுக்க எனக்கு இஷ்டமில்ல."

"தெரியும்."

"ஆனா வாங்க வந்தவங்களுக்கு இல்லன்னு சொல்லக் கூடாது. நீங்க போட்ட விதி." எழுந்தாள். படத்தை இறக்கினாள். காகிதம் சுற்றினாள். கயிற்றை இரண்டு முறை இழுத்து முடிச்சுப் போட்டாள், அதே முடிச்சு. பணத்தை எண்ணாமல் பெட்டியில் போட்டாள். பிறகு ஏட்டைத் திறந்து பேனாவை எடுத்தாள்.

"படத்தப் பத்தி எதுவும் சொல்லணுமா?"

வாய்வரை என்னென்னவோ வந்தது. மன்னிப்பு வந்தது. அது படத்தைப் பற்றியதல்ல.

"தூக்கின கால் ரொம்ப நல்லா இருக்கு," என்றேன். "வெளிச்சக் கோடு மட்டும் ஒரு விரக்கடை அகலம் அதிகம். இன்னும் ஒடுக்கியிருந்தா கண்ணு இன்னும் பயந்திருக்கும்."

எழுதினாள். மெதுவாக, ஒரு சொல்லும் விடாமல். எழுதி முடித்து, அந்த வரியின் தொடக்கத்துக்குப் போய் நிறுத்தினாள். தலை தூக்காமல் கேட்டாள்:

"கோட்டு என்ன நெறம்னு போடட்டும்?"

"சாம்பல்," என்றேன்.

நிமிர்ந்து என் கோட்டைப் பார்த்தாள். சரிபார்ப்பதுபோலப் பார்த்தாள். பிறகு எழுதினாள்: சாம்பல்.

வீட்டில் அந்த முடிச்சோடு முக்கால் மணிநேரம் போராடினேன். கத்தரி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. நகம் ஒன்று உடைந்தது, அவிழ்த்துவிட்டேன்.

கதவுப் பக்கமாக மாட்டியிருக்கிறேன், வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி. அதற்கு நேர்கீழே, செய்தித்தாள் அடைத்து, பூட்ஸ் காய்கிறது.